வேப்பமரத்தடியில் ஒரு பவர் டில்லர்



தண்டலத்திலிருந்து பேரம்பாக்கம் செல்லும் சாலையில் மண்ணூரைக் கடந்து போகிறவர்கள், இரு மருங்கிலும் உயர்ந்து நிற்கும் தொழிற்சாலைச் சுவர்களையும், வாயில்களில் வரிசை பிடித்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும் காண்பார்கள். அந்தச் சுவர்களுக்கு நடுவே இன்னும் நெல் விளையும் துண்டு நிலங்களும் உண்டு. அவற்றைக் காண வேண்டுமாயின் வண்டியின் வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலுள்ள ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2013-இல் அதே ஓரகடத்தில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகத் தொடங்கின. இத்தனை இயந்திரங்கள் பிறக்கும் இந்தப் பகுதியில், ஒரு வேப்பமரத்தடியில், ஒன்பது ஆண்டுகளாக ஒரு பழைய பவர் டில்லர் துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. இம்மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு உரிய குடும்பத்தார் மூவரும் ஒருநாள் மாலை என்னைக் காண வந்தனர். தந்தை அறுபதைக் கடந்தவர். வலக்கால் விந்தி நடப்பவர். மகன் ஒரு கார்த் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம். பக்கத்து மனையில் சுற்றுச்சுவர் எழுந்தபின் பெரிய டிராக்டர் உள்ளே நுழைய வழியில்லை. நுழைந்தாலும் திரும்ப இடமில்லை. ஆகவே பழைய பவர் டில்லரைச் சரிசெய்து, வரும் சம்பாவுக்கு உழவு ஓட்டலாம் என்பது மகனின் விருப்பம். தாயோ அதற்கு அணுவளவும் இசையவில்லை. "சாமி, பழைய இரும்புக்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். எடைக்குப் போட்டுடச் சொல்லுங்க. ஒரு கால் போனது போதும்" என்றார் அவர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டியின் சுழல் கத்திகள் தந்தையின் வலக்காலில் மூன்று விரல்களைக் கொண்டுபோயின. அன்று மரத்தடியில் நிறுத்திய வண்டியை அதன்பின் எவரும் தொடவில்லை. தந்தை நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வண்டி மேல தப்பில்ல சாமி, தகடு இல்லாம ஓட்டினேன்" என்று மட்டும் சொன்னார்.

எடைக்குப் போடுவதா, பட்டறைக்குக் கொண்டுபோவதா? இந்தக் கேள்வி அக்குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் கொல்லையில், மாட்டுக் கொட்டகையில், கிணற்று மேட்டில் இத்தகைய வண்டிகள் நிற்கின்றன. குருமடத்தில் பயின்ற நாள்களில் தோட்ட வேலைக்காக இதுபோன்ற வண்டி ஒன்றின் பின்னே நடந்து கை மரத்துப்போனவன் என்ற முறையில், எனக்கும் இதில் சிறிது அறிமுகம் உண்டு. எஞ்சியதை அந்தப் பையனோடும் அவன் தந்தையோடும் மரத்தடியில் அமர்ந்தும், ஒரு மெக்கானிக்கிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

முதலில் இவ்வண்டியின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். மண்ணைக் கலப்பையால் பிளக்காமல் சுழலும் கத்திகளால் கொத்திக் கிளறும் முறையை, ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊரில் ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு என்ற விவசாயி மகன் 1912-இல் சோதித்துப் பார்த்தார். தந்தையின் நீராவி டிராக்டரிலிருந்து விசையை எடுத்து அவர் கத்திகளைச் சுழற்றினார். முதலில் மண் ஒரு பக்கமாகச் சிதறிப் பறந்தது. 'எல்' வடிவக் கத்திகளைச் சிறிய சுழல் தண்டில் பொருத்திய பிறகே மண் ஒழுங்காகப் பொடிந்தது. 1920-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் உழவர்கள் வாயில் தாராளமாகப் புழங்கும் 'ரோட்டவேட்டர்' என்ற சொல் அவருடைய இயந்திரத்தின் பெயரே.

நம் அண்டை நாடான இலங்கையில் வேறொரு கதை நடந்தது. கேம்பிரிட்ஜில் பயின்ற பொறியாளர் ரே விஜேவர்தன, 1955-ஆம் ஆண்டையொட்டி இரு சக்கர உழவு வண்டி ஒன்றை வடிவமைத்தார். இங்கிலாந்தின் லேண்ட்மாஸ்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. யாழ்ப்பாணத்து உழவர் இன்றும் எந்தக் கம்பெனியின் இரு சக்கர டிராக்டரையும் 'லேண்ட்மாஸ்டர்' என்று அழைப்பதுண்டு. ஆனால் விஜேவர்தன பிற்காலத்தில் தம் கண்டுபிடிப்பையே கேள்விக்கு உட்படுத்தினார். தாம் இயந்திரமாக்கியது உழவையா, எருமையையா என்பது அவர் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வி. எருமை சாணம் தரும், பால் தரும், கன்று ஈனும். வண்டியோ டீசலையும் உதிரிப் பாகங்களையும் கேட்டுக்கொண்டே இருக்கும். 2010-இல் மறையும்வரை அவர் மண்ணை அதிகம் கிளறாத வேளாண்மையையே வலியுறுத்தி வந்தார். பழைய வண்டியைப் பழுதுபார்க்க அமருகிறவர்கள் அவருடைய கேள்வியையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உதிரிப் பாகம் கிடைக்காத நாளில் வண்டி வெறும் இரும்பாகிவிடும். எருமை அப்படி ஆவதில்லை.

நம் நாட்டில் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செம்பியத்தில் மாசி பெர்குசன் பெரிய டிராக்டர்களைச் செய்தது. சிறு நிலத்துக்கான பவர் டில்லர்களோ ஜப்பானிய வழியில் வந்தன. 1967-இல் பெங்களூரில் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு வி.எஸ்.டி. நிறுவனம் எழுந்தது. 1973-இல் கேரளத்தின் அத்தாணியில் கூபோட்டாவின் தொழில்நுட்பத்தோடு காம்கோ என்ற அரசு நிறுவனம் அமைந்தது. தமிழ்நாட்டு வயல்களில் நீங்கள் காணும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை இவ்விரு குடும்பங்களைச் சேர்ந்தவை. மண்ணூர் வண்டி எந்தக் குடும்பம் என்று நான் சொல்லப் போவதில்லை. அதன் பெயர்த்தகடும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

வண்டியின் அமைப்பு எளியது. முன்னே ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின், தண்ணீரால் குளிர்வது, ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு குதிரைத் திறன். என்ஜினின் சக்கரத்திலிருந்து இரண்டு மூன்று பெல்ட்டுகள் கிளட்சுக்கு விசையைக் கொண்டுபோகின்றன. அடுத்து கியர் பெட்டி. அதன் பின்னே சுழல் கத்திகள். அவற்றுக்கும் பின்னே, இரு கைப்பிடிகளைப் பற்றியபடி மனிதன். அறுபது சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் ஏக்கரை ஒருமுறை உழ, அந்த மனிதன் ஏறக்குறைய ஆறே முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். சேற்றில், அதிரும் கைப்பிடியைப் பிடித்தபடி.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வண்டி எடைக்குப் போகத்தக்கதா என்பதை முடிவு செய்பவை மிகச் சில உறுப்புகளே. என்ஜின் பிளாக்கில் விரிசல், கியர் பெட்டியின் வார்ப்பில் உடைவு, கிராங்க் தண்டில் முறிவு, கியர்ப் பற்கள் பலவும் உதிர்ந்திருத்தல் ஆகிய நான்கில் எதுவும் இல்லையென்றால், வண்டிக்கு உயிர் உண்டு என்றே கொள்ளலாம். பெல்ட், பேரிங், ஆயில் சீல், ரிங், நாசில், கத்தி, டயர் யாவும் தேயவே பிறந்தவை, மாற்றவே செய்யப்பட்டவை. துருவைக் கண்டு மனம் தளர வேண்டாம். அதுபோலவே புது வண்ணத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். இரண்டாம் கையாக விற்க வருகிறவர்கள் முதலில் வாங்குவது ஒரு டப்பா பெயிண்ட்தான்.

மண்ணூர் வண்டியின் என்ஜின் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. பையன் பெரிய சம்மட்டியைத் தேடினான். தந்தை தடுத்துவிட்டார். இந்த இடத்தில்தான் நல்ல என்ஜின்கள் பல பாழாகின்றன. செய்ய வேண்டியது இதுதான். நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்த கலவையை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். ஆனால் இவ்வண்டிகளில் சிலிண்டர் படுக்கைவாட்டில் இருப்பதால், ஊற்றிய எண்ணெய் அடிப்பக்கத்தில் மட்டும் தேங்கும். மேற்பக்கத்துத் துரு காய்ந்தே கிடக்கும். ஆகவே பழைய ஆயிலை வடித்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, என்ஜினைத் தனியே இறக்கி, தலைப்பக்கம் மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைப்பது நலம். நாள்தோறும் குறைந்த அளவுக்கு மீண்டும் ஊற்றி, பிளைவீலை மரக்கட்டை கொண்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் அசையாவிட்டால் ஐந்தாம் நாள். ஐந்தாம் நாளும் இல்லையென்றால் பத்தாம் நாள். இவ்வேலையில் பொறுமைக்கு மாற்றாக எந்தக் கருவியும் இல்லை. மண்ணூர் என்ஜின் ஆறாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. பையன் அன்று இரவு ஷிப்டுக்குத் தாமதமாகப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

என்ஜின் சுழலத் தொடங்கியதும் உடனே கிளப்பிவிடலாகாது. சிலிண்டருக்குள் தேங்கிய எண்ணெயை வெளியேற்ற வேண்டும். நாசில் இல்லாமலே பலமுறை சுற்றினால் அது துளை வழியே பீறிட்டு வெளியேறும். அப்போது துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். அடுத்து, காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மண்ணூர் வண்டியில் அதற்குள் எலி கூடு கட்டி மூன்று தலைமுறை கண்டிருந்தது. வடிகட்டியின் அடிக் கிண்ணத்தில் ஆயில் குறித்த கோடுவரை மட்டுமே இருக்க வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போய் ரிங்கை அரைத்துத் தின்னும். அதிகமானால் என்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கி, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். அத்தருணத்தில் காற்று உள்ளே போகும் வாயை ஒரு பலகையால் அடைப்பது ஒன்றே வழி, கையால் அடைக்கலாகாது. நெடுநாள் நின்ற வண்டியை முதன்முறை கிளப்பும்போது அப்பலகையை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டீசலை முழுதும் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள். குழாயில் காற்று புகுந்திருக்கும். பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை டீசலை விட வேண்டும். நாசிலைச் சோதிப்பவர்கள் அதன் தெளிப்புக்கு நேரே கையைக் காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளிதானே என்று இருந்துவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஹேண்டில் போட்டுக் கிளப்பும்போது கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப்போகும், மணிக்கட்டு பிழைக்கும். கிளம்பியபின் புகையைப் பாருங்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை மிகுதி. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கைப் பார்க்க வேண்டிய நேரம். வெண்புகை நெடுநேரம் நீடித்தால் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது தண்ணீர் எங்கோ உள்ளே கசிகிறது. மூடிய கொட்டகைக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, எனினும் சொல்லிவைக்கிறேன்.

என்ஜினைவிடக் கியர் பெட்டியில்தான் நம் ஊர் வண்டிகள் அதிகம் சாகின்றன. காரணம் சேற்றுழவு. கேஜ் வீல் மாட்டி முழங்கால் சேற்றில் ஓட்டும்போது, அச்சின் ஓரத்தில் உள்ள ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்று நீர் உள்ளே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்திவையுங்கள். காலையில் கியர் பெட்டியின் அடித் திருகைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் தேங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் நெடுநாளாக உள்ளே கலந்திருக்கிறது என்று பொருள். முழுதும் வடித்து, சீலை மாற்றி, புது எண்ணெய் விடுங்கள். சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் நீர் நிறைப்பது போன்றது. புது வண்டியை மந்திரிக்கக் கோயில் வாசலுக்குக் கொண்டுவருகிறவர்களிடம், ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலோர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

இனி, எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி: "கம்பெனிப் பெயரே தெரியவில்லை, விற்ற கடையும் மூடிப்போயிற்று, உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது?" இதற்கு விடை வண்டியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கம்பெனிகள் மறையலாம், எண்கள் மறைவதில்லை.

பேரிங்கை எடுத்துத் துடைத்து, அதன் விளிம்பைப் பாருங்கள். 6205 என்பது போல ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை எந்த நாட்டுக் கம்பெனி பொறித்திருந்தாலும் அளவு ஒன்றே: உள் விட்டம் 25 மி.மீ., வெளி விட்டம் 52, அகலம் 15. இத்தகைய எண்களில் கடைசி இரு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவற்றை ஐந்தால் பெருக்க உள் விட்டம் கிடைக்கும். ஆயில் சீலிலும் இப்படியே மூன்று எண்கள் இருக்கும். 35, 52, 10 என்றால் உள் விட்டம், வெளி விட்டம், அகலம். பெல்ட்டில் பி 50 என்று அச்சிட்டிருந்தால், பி என்பது பெல்ட்டின் பருமன் வகை. 50 என்பது அங்குலக் கணக்கில் உட்சுற்று நீளம். எண் அழிந்திருந்தால் லேத்துப் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்து தருவார்கள். இவ்வெண்களைத் தாளில் எழுதிக்கொண்டு சென்னையில் பாரிமுனைப் பக்கத்து பேரிங் கடைகளுக்குப் போனால், எந்த வண்டி என்று அங்கே கேட்கமாட்டார்கள். எண் இல்லாத பழைய உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. கண்ணும் பொறுமையும் வேண்டும், பேரம் பேசத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையவை நீண்டிருக்கும்; புதியது ஒன்றே சுமை முழுவதையும் இழுத்து விரைவில் அறுந்துபோகும். இது சிக்கனம் பார்க்கும் இடமன்று.

மண்ணூர்ப் பையன் இந்தப் பகுதியில்தான் வியந்து போனான். தொழிற்சாலையில் எட்டு மணி நேரமும் அவன் கைக்கு வருவது ஒரே போல்டு. குறித்த அளவுக்கு முறுக்கியதும் கருவி தானே நின்றுவிடும். வண்டி அடுத்தவனிடம் நகர்ந்துவிடும். "ஆயிரக்கணக்கில் என்ஜினைப் பார்த்திருக்கேன் சாமி, ஒண்ணைக் கூடத் திறந்ததில்லை" என்றான். அவன் தந்தைக்கோ காதை வைத்தே எந்த பேரிங் என்று சொல்லத் தெரியும்; ஆனால் எண்ணின் பொருள் தெரியாது. இருவரும் சேர்ந்தபோதுதான் வேலை நடந்தது.

இப்போது தாயின் அச்சத்துக்கு வருகிறேன். நான் அவர் பக்கமே நிற்கிறேன் என்பதை மகனிடமே சொல்லிவிட்டேன். என்ஜின் ஓடுவதால் மட்டும் வண்டி ஓட்டத் தகுதி பெற்றுவிடாது.

சுழல் கத்திகளின் மேலும் பின்னும் ஒரு தகடு மூடியிருக்க வேண்டும். சேறு ஒட்டி அடைத்துக்கொள்கிறது, கழுவச் சிரமம் என்று சொல்லி அதைக் கழற்றி வீசுகிறவர்கள் பலர். மண்ணூர்த் தந்தையும் அப்படித்தான் வீசினார். ஒருநாள் வரப்போரம் திருப்புவதற்காகப் பின்னியக்கத்தில் வந்தார். கத்தி சுழன்றுகொண்டே இருந்தது. கால் வரப்பில் தடுக்கிற்று. பின்னால் வரும்போது கத்தி சுழலாதபடி தடுக்கும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு. பழைய வண்டிகளில் அது தேய்ந்திருக்கும், அல்லது எவரேனும் பிடுங்கியிருப்பார்கள். அது வேலை செய்கிறதா என்பதை வயலில் இறங்கும் முன் மேட்டில் சோதியுங்கள். வேலை செய்யவில்லையெனில், பின்னே வரும் ஒவ்வொரு முறையும் கத்தியின் விசையை முதலில் துண்டித்துவிட்டு அதன்பின்பே பின்னியக்கம் போட வேண்டும். பின்னே சுவரோ, மரமோ, சுற்றுச்சுவரில்லாத கிணறோ இருக்கும் இடத்தில் பின்னே வரவே வேண்டாம். கத்தியில் கொடி சிக்கினால் என்ஜினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள்.

கத்திகளில் இடம், வலம் என்று இருவகை உண்டு. கழற்றுமுன் சுண்ணாம்பால் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். மாற்றிப் பூட்டினால் மண் ஒருபுறம் குவியும், வண்டி தாவும். ஒன்றிரண்டை மட்டும் புதிதாக்கினால் அதிர்வு மிகும். அந்த அதிர்வு ஓட்டுகிறவர் கைக்குத்தான் வரும். ஆண்டுக்கணக்கில் தாங்கியவர்களுக்கு விரல்நுனி வெளுத்து மரத்துப்போவதுண்டு. கத்தியைப் பிடிக்கும் போல்டு தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது உறுதிமிக்க எஃகு. அதனிடத்தில் பெட்டிக்கடைச் சாதாரண போல்டைப் பூட்டினால், ஓடும்போது அது முறிந்து கத்தி பறக்கலாம். தேய்ந்த கத்தியை வெல்டிங் வைத்து நீட்டுவதும் ஆபத்தே. பதம் ஏற்றிய எஃகு சூடுபட்டால் ஒட்டிய இடத்தருகே நொறுங்கும் தன்மை பெறும். புதுக் கத்தி வாங்கிவிடுங்கள்.

ஏரிக்கரைச் சரிவில் இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. சமநிலத்தில் இடக் கைப்பிடியின் கிளட்சை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது விசை நீங்கிய அந்த இடச் சக்கரம் தடையின்றி உருள்வதால், வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். புதியவர்கள் பதறி இன்னும் இறுக அழுத்துவார்கள். சரிவில் கிளட்சைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும். இதை எழுத்தில் படித்தால் போதாது. ஓட்டத் தெரிந்தவர் அருகில் நிற்க ஒருமுறை இறங்கிப் பழக வேண்டும். ஆந்திரத்தில் அனந்தபுரத்துக்கு அருகே கார்லதின்னெயில், மத்திய அரசின் தென்மண்டல வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் 1983 முதல் இயங்குகிறது. இயந்திரங்களை இயக்கவும் பேணவும் அங்கே உழவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். இளைஞர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

மற்ற இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. சாலையும் கெடும், கியர் பெட்டியும் கெடும். பரம்பும் சால் கருவியும் எளியவை. பெரும்பாலும் கொல்லுப்பட்டறையிலேயே சரியாகும். டிரெய்லரில்தான் எனக்குக் கவலை. அதன் பிரேக் பல வண்டிகளில் பெயரளவுக்கே இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் விரையும் சாலையில், பின்விளக்கும் ஒளிரும் வில்லையும் இல்லாமல் இரவில் டிரெய்லரை இழுத்துப் போவது, தன் உயிரை மட்டும் பணயம் வைக்கும் செயலன்று. பின்பலகை முழுவதும் சிவப்பு ஒளிர்வில்லை ஒட்டுங்கள். இருட்டுமுன் வீடு சேருங்கள்.

பருவம் முடிந்து வண்டியை நிறுத்தும் முறையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சேற்றைக் கழுவி உலர்த்துங்கள். டீசல் தொட்டியை நிறைத்துவையுங்கள்; பாதி காலியான தொட்டியில் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஆயில் மாற்றியபின் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றி, அழுத்தம் தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரு வால்வும் மூடியிருப்பதால் ஈரம் சிலிண்டருக்குள் எளிதில் புகாது. பெல்ட்டைத் தளர்த்துங்கள். அச்சுக்கு அடியில் செங்கல் வைத்து டயர்களைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். காற்று வடிகட்டியின் வாயை ஒரு துணியால் கட்டுங்கள். எலிகள் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை அத்துணியை அவிழ்த்துவிட்டுக் கால் மணி நேரம் ஓட்டிவைத்தால் இன்னும் நல்லது. மண்ணூர் வண்டிக்கு ஒன்பது ஆண்டுகளில் இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. விபத்துக்குப் பின் அதன் அருகே போகவே எவருக்கும் மனமில்லை.

பேரிங் இரண்டும் சீல் மூன்றும் மாற்றியாயிற்று. என்ஜின் முதல் நாள் சிறிது வெண்புகை விட்டது, பிறகு தெளிந்தது. ஆனால் வண்டி இன்னும் வயலில் இறங்கவில்லை. கத்தியை மூடும் தகட்டுக்கு அளவு எடுத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள். தகடு வந்து, அது பூட்டப்பட்டதைத் தம் கண்ணால் பார்த்த பின்புதான் சாவியைக் கொடுப்பேன் என்று தாய் சொல்லிவிட்டார். பவர் டில்லருக்குச் சாவி கிடையாது. அவர் சொல்வது ஹேண்டிலை. அதை எடுத்துப் போய் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாராம்.